பத்தனையில் நடக்கப் போகிறவர்களுக்கு

உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு செல்பி, பேக்கர் நீர்வீழ்ச்சியில் ஒரு செல்பி என்று ஒன்பதரைக் கிலோமீட்டரையும் ஓட்டமாக முடித்து வேனில் ஏறிவிட்டால், இலங்கை மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் நீங்கள் பார்த்தது பாதையை மட்டும்தான். பத்தனை என்று நாம் சொல்லும் இந்த மலைப் புல்வெளியில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் பாதித் தூரம் நடந்தால் போதும், மீதி நேரம் உட்காருங்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் நில்லுங்கள். வெயில் ஏற ஏற மேகம் வந்து உலக முடிவை மூடிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை, மரை என்ற பெரிய மானுக்காகச் சொல்கிறேன். விடியலில் அவை புல்லில் நிற்கும், அப்புறம் காட்டோரமாக ஒதுங்கிவிடும். வாகனத் தரிப்பிடத்தில் பிஸ்கட்டுக்குக் கழுத்தை நீட்டும் மரையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை (தயவுசெய்து கொடுக்காதீர்கள்). தூரத்தில் மேயும் ஒன்றைப் பார்த்து உட்கார்ந்து, அதன் காதைக் கவனியுங்கள். காதுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் நிம்மதியாக மேய்கிறது. இரண்டும் ஒரே பக்கம் நிமிர்ந்து, வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டினால் எதையோ மோப்பம் பிடித்துவிட்டது. பெரும்பாலும் அது நீங்கள்தான், எப்போதாவது சிறுத்தை.

பருவம் பார்ப்பது எப்படி? இங்கே மழையும் காற்றும்தான் கணக்கு. தைப்பொங்கலை ஒட்டி மேகமும் காற்றும் இல்லாத இரவு வந்தால், மறுநாள் வெயில் படுமுன் பள்ளங்களைப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால் மேட்டுப் புல் சும்மா நனைந்திருக்க, கொஞ்சம் கீழே புல் உப்புத் தூவினாற்போல் உறைந்து வெளுத்திருக்கும். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை, பள்ளத்தில் இருக்கும் கொழுந்து முதலில் கருகுவதும் இதனால்தான்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, தூறல், மூடுபனி. ஆட்கள் குறைவு, எனக்குப் பிடித்த காலம் அதுதான். தூரத்தில் ஒன்றும் தெரியாது, சரி, பக்கத்தில் பாருங்கள். தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் பாசி பிடித்த மரத்தண்டுகளை மெதுவாகத் தேடினால் மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் கிடைக்கலாம், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. அது ஓடாது, அசையாமல் இருந்தே ஏமாற்றும். நான் முதல் தடவை பார்த்தது கையூன்றப் போன கிளையில். கொம்பின் வெள்ளை கண்ணில் பட்டிருக்காவிட்டால் பிடித்தே இருப்பேன்.

ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை காஷ்மீர்ப் பக்கமிருந்து ஈப்பிடிப்பான் என்ற சின்னக் குருவிகள் வந்து தங்கும், ஆணுக்கு நெஞ்சு செம்மஞ்சள். அதைத் தேட நுவரெலியா விக்டோரியா பூங்காவே வசதி.

நெலு பூப்பதைப் பார்க்க மட்டும் பொறுமை வேண்டும். வருடக்கணக்காகச் சும்மா வளர்ந்து, ஒரேயடியாகப் பூத்து, விதை போட்டுச் செத்துவிடும் செடி அது. 2013இல் இங்கே காட்டின் அடித்தளமே பூத்துக் கிடந்தது. விதை விழும்போது காட்டுக்கோழிகள் திரளும், அந்தக் காட்சியையும் விடாதீர்கள். பாதையோரம் மஞ்சளாகப் பூக்கும் முட்புதர் நம்முடையது இல்லை, வெள்ளைக்காரன் காலத்தில் வந்து இன்றைக்கும் புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ரன் என்ற கோணல் மரங்களில் ஒன்றை உங்களுடையதாக வைத்துக்கொண்டு, போகிற ஒவ்வொரு தடவையும் திகதி போட்டு மொட்டா, பூவா, வெறும் இலையா என்று ஒரு வரி எழுதுங்கள். சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் பேப்பரில் சுற்றிக்கொண்டு போங்கள், வாசலில் பையைப் பார்ப்பார்கள், பொலித்தீன் இருந்தால் எடுத்துவிடுவார்கள்.