பறவை பாய்ந்த குட்டையில் மீன் தீனி எடுக்கவில்லையா? இப்படிச் செய்யுங்கள்

மாசி, பங்குனியில் கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும், மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் மாதிரி இடங்களில் மேய்ந்த நீர்க்காகமும் மடையானும் போர்த் தண்ணீர் நிற்கும் பண்ணைக் குட்டைகளைத் தேடி வந்துவிடும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கெண்டை வளர்ப்பவர்கள் "நாலு மீனைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுவதுண்டு. ஆனால் தப்பிய மீன்களால் வரும் நஷ்டம்தான் பெரிது.

பறவை பாய்ந்த சில நொடிகளில் மீனின் இரத்தத்தில் அட்ரினலின் ஏறும். பின்னாலேயே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஓடித் தப்பிக்கத் தேவையான சர்க்கரை இரத்தத்தில் கூடும். செவுளில் இரத்த ஓட்டம் கூடுவதால் நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்பு வெளியேறும், தண்ணீர் உள்ளே புகும். ஒருமுறை மட்டும் பயந்த மீன் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தேறிவிடும். தினமும் காலை, மாலை பறவை இறங்கினால் கார்டிசால் இறங்க நேரமே இருக்காது. பசி குறையும், வளர்ச்சி நிற்கும், எதிர்ப்புச் சக்தி போகும். பிறகு மீன் பேனும் பூஞ்சையும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

1. பயமா, மூச்சுத் திணறலா?

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீர் விழும் குழாயடியில் கூடினால், அது ஆக்சிஜன் குறைவு. பயந்த மீன் மேலே வராது. ஆழமான மூலையில் நெருக்கியடித்து நிற்கும், நிழல் விழுந்தாலே சிதறும். நல்ல வெயிலில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் தீனித் தட்டுக்கு வரவில்லை என்றால் பயம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தும் வரும்: பயந்த மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, 30 டிகிரி தண்ணீரிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமுக்கு மேல் கரையாது. சந்தேகமாக இருந்தால் முதலில் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட்டுங்கள், அதனால் கெடுதல் இல்லை.

2. தீனியைப் பாதியாக்குங்கள்

கால் கிலோ மீன் 400 இருந்தால் மொத்தம் 100 கிலோ. 2 சதவீதக் கணக்கில் நாளுக்கு 2 கிலோ தவிடு, கடலைப் புண்ணாக்கு. பறவை இறங்கிய அன்று 1 கிலோ போதும், அதையும் வீசாமல் தட்டில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாளும் அதே அளவு. தின்னாத தீனி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

3. காயம்பட்டதை எடுத்துவிடுங்கள்

நாரை குத்தினால் முதுகில் துளை இருக்கும். நீர்க்காகம் கவ்வியது என்றால் உடம்பின் இரு பக்கமும் செதில் உரிந்த கோடு தெரியும். கெண்டையின் தோல் கிழிந்தால் அபாயத்தை அறிவிக்கும் ஒரு பொருள் தண்ணீரில் கலந்து மற்ற கெண்டைகளையும் மிரட்டும். விலங்கியல் அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் இதை 1938இல் எழுதினார். அதனால் செத்ததையும் காயம்பட்டதையும் உடனே எடுங்கள். குட்டைக் கரையில் மீன் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள், அந்தத் தண்ணீரும் உள்ளேதான் போகும்.

காயம்பட்ட மீனை 1000 லிட்டர் தொட்டியில் 3 கிலோ கல்லுப்பு கரைத்து வைக்கலாம். உப்பு கசிவது குறைந்து மீன் சீக்கிரம் தேறும். குட்டை முழுவதற்கும் இது ஆகாது: 30 × 30 மீட்டர் குட்டையில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் என்றால் 4 டன் உப்பு வேண்டும், அந்தத் தண்ணீரை வயலுக்கும் விட முடியாது.

4. வலை

மெல்லிய நரம்பு வலை வேண்டவே வேண்டாம். பறவை சிக்கிச் சாகும், அது படபடப்பதில் மீன் இன்னும் மிரளும். கண்ணுக்குத் தெரிகிற தடிப்பான எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) வலை, 4 அங்குலக் கண்ணி, நல்லது. கரையில் கல்லுக்கால் ஊன்றி, 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல் வலையை விரியுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்கும் கொக்கி) போடுங்கள். வெயிலில் கம்பி தளர்ந்து வலை தொய்ந்தால் நாரை அதன்மேல் நின்றே குத்தும். நடுவில் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஓரத்தைத் தரை வரை இறக்கிக் கட்டாவிட்டால் மடையான் நடந்தே உள்ளே போய்விடும்.

தண்ணீர் தெளிவாக இருக்கவும் கூடாது. முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மறைய வேண்டும். கை தெரிந்தால் கொஞ்சம் சாணம் கரைத்து விடுங்கள். முழங்கைக்கு முன்பே மறைந்தால் தண்ணீர் மாற்றுங்கள்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தது: வேட்டுப் போடலாமா என்கிறார்கள். வேண்டாம், அந்தச் சத்தமும் மீனுக்குப் பயம்தான், பறவையோ சில நாளில் பழகிவிடும். மினுங்கும் ரிப்பனும் அப்படித்தான். விஷம் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடை பார்க்க வலை இழுப்பதை, தட்டு இரண்டு நாள் தொடர்ந்து காலியாகும் வரை தள்ளிப்போடுங்கள்.