அடிபட்ட ஜாக்கி ஓய்வு பெறும்போது: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேல் பந்தயத்தில் குதிரை ஓட்டியவர். கடைசியாக பெங்களூரில் ஒரு 1,200 மீட்டர் ஓட்டத்தில், வளைவில் முன்னால் போன குதிரை தடுக்கி விழுந்தது. பின்னால் வந்த இவர் குதிரையும் அதில் இடறிக் கவிழ்ந்தது. இடுப்புக்கு மேலே எல்-1 முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் இரண்டு ராடும் ஸ்க்ரூக்களும் இருக்கின்றன. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

நான் ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரேஸ் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்தவர். அதனால் ஜாக்கி குடும்பங்கள் எனக்குப் புதிதல்ல. யாராவது அடிபட்டுப் படுத்தால் அவர் மனைவியோ அம்மாவோ என்னைக் கூப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். இனி ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவை, உடம்பு தேறுவதற்கு முன்பே டாக்டர் முன்னால் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டால் எந்த ஜாக்கியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். உடம்பு சரியாகிவிட்டது போல இருக்கும் அந்த ஒன்றிரண்டு மாதம்தான் ஆபத்தான காலம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வைத்த ஸ்க்ரூ, ராடு ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பெயரும் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் உண்டு. அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பல வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுக்கும்போது உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று கேட்பார்கள். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிம் நாள்பட்டால் மங்கிவிடும், எங்கள் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியும் போகும்.

அதே வாரத்தில் ரேஸ் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதி, அன்றைய விபத்து பற்றி ஸ்டூவர்டுகள் (பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள்) எழுதிய அறிக்கையின் நகலையும் மைதானத்து டாக்டர் பதிவு செய்ததையும் கேளுங்கள். விழுந்தது பந்தயத்திலா காலைப் பயிற்சியான ட்ராக் ஒர்க்கிலா என்பதைப் பொறுத்துப் பணம் வரும் வழியே மாறலாம். காப்பீடு, நலநிதி, ஜாக்கிகள் சங்கம் என்று எதில் என்ன இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சொந்தமாக எடுத்த விபத்துக் காப்பீடு இருந்தால் விலக்குகள் என்று போட்ட பக்கத்தை முதலில் படியுங்கள். தொழில்முறை விளையாட்டில் படும் அடியைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். அப்படி இல்லையென்றால் விபத்தைத் தெரிவிக்க ஒரு கெடு இருக்கும், அதைத் தவற விடாதீர்கள்.

வர வேண்டிய ஓட்டக் கூலி, ஜெயித்த ஸ்டேக்கில் (பரிசுப் பணத்தில்) ஜாக்கி பங்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் குதிரைப் பெயரோடு எழுதுங்கள். அவர் படுக்கையில் இருக்கும்போது கேட்டால் எல்லாம் நினைவிலிருந்து சொல்வார். வருமான வரிக்குப் பிடித்த தொகை படிவம் 26ஏஎஸ்ஸில் தெரியும். வருமானம் நின்றுபோன வருடத்தில் அதைத் திரும்பப் பெற வாய்ப்பு அதிகம்.

மலைக்குத் திரும்புவதையும் யோசித்துச் செய்யுங்கள். மைசூர்ப் பக்கமிருந்து வந்தால் கல்லட்டிப் பாதை வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவையும் புது ஆபரேஷன் முதுகு தாங்காது. கூடலூர் வழி சுற்றுதான், ஆனாலும் அதில் வாருங்கள். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் விடிந்த பிறகு கிளம்பினால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, சொல்லக் கூச்சப்படுவார்கள். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் கழிந்தாலோ, சேடில் (சேணம்) படும் இடமெல்லாம் மரத்துப் போனாலோ, கால் திடீரென்று பலம் இழந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது, மணிக்கணக்கு முக்கியம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஜாக்கிகள் எல்லோரும் கேட்பது, "டாக்டர், எப்போ ஏறலாம்?" அதற்கு டாக்டரும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஏதாவது சொல்லிவிடுவார். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு வீடே காத்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "இன்னொரு தடவை இதே மாதிரி விழுந்தால் இவருக்கு என்ன ஆகும்?"

கேட்பதற்கு முன் அவர் தொழிலை டாக்டருக்குப் புரிய வையுங்கள். பலர் குதிரையேற்றம் என்றால் ஊட்டி போட் ஹவுஸ் பக்கம் சவாரி போவதைத்தான் நினைக்கிறார்கள். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஜாக்கி சேடிலில் உட்கார்வதே இல்லை, அங்கவடியில் முன்பாதத்தை ஊன்றி முதுகை மடக்கிக் குந்தி நிற்கிறார். நான் அவருடைய பழைய ஓட்டத்தின் வீடியோவைப் போனில் காட்டினேன். டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராடு வைத்து இணைத்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள்தான் இனி அசைவின் சுமையைத் தாங்கும், இன்னொரு விழுகையில் அடி அங்கேதான் இறங்கும் என்று வரைந்து காட்டினார். அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முடிவு ஆனது அன்றைக்குத்தான்.

தலையில் அடிபட்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எலும்பு முறிந்தால் படத்தில் தெரியும். மூளை அதிர்ச்சி பல சமயம் ஸ்கேனில் தெரியாது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, காரணமில்லாத கோபம் ஆகியவற்றை வீட்டில் இருப்பவர்தான் கவனித்து தேதி போட்டு எழுத வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. அறிகுறி ஒன்று மிச்சம் இருந்தாலும் குதிரைப் பக்கம் போகக் கூடாது.

சொந்தக்காரர்கள் வந்து உதாரணம் சொல்வார்கள். எங்களுக்கு வந்தது இங்கிலாந்து ஜாக்கி லெஸ்டர் பிகாட். 1985ல் ஓட்டுவதை விட்டவர் 1990ல் 54 வயதில் திரும்பி வந்து, சில நாளிலேயே அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் மைல் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தார் என்பது உண்மைதான். அவர் ட்ரெய்னர் (குதிரைப் பயிற்சியாளர்) ஆவதற்காக விலகியவர், முதுகு உடைந்து விலகியவர் அல்ல. அதே இங்கிலாந்தில் 1963லும் 1964லும் எய்ன்ட்ரீ மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு ஜாக்கிகள் முதுகுத்தண்டு முறிந்து முடங்கிப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே 1964ல் அடிபட்ட ஜாக்கிகளுக்கான நிதியைத் தொடங்கினார்கள். உதாரணம் சொல்ல வருகிறவர்களிடம் இந்த இரண்டு பேரையும் சொல்லுங்கள்.

கடிதம்

ஜாக்கி உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சும்மா விட்டாலே காலாவதி ஆகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். "மருத்துவக் காரணத்தால், டாக்டரின் அறிவுரைப்படி உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை" என்று எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வெறுமனே "ஓய்வு பெறுகிறேன்" என்று எழுதினால், விருப்பப்பட்டுப் போனார் என்று பிறகு யாராவது சொல்லலாம். க்ளெய்ம் முடியாமல் இருக்கும்போது இந்த ஒரு வார்த்தை பெரிய வித்தியாசம் செய்யும்.

நிரந்தரக் குறை இருந்தால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் பார்த்து சதவீதம் போடுவார்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். ஜாக்கிகள் இதற்குப் போக மறுப்பார்கள். பிள்ளைகளின் படிப்பை எடுத்துச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ட்ரெய்னர்களின் போன் வரும். "அண்ணே, சும்மா ரெண்டு கேலப் மட்டும் பாத்துக் குடுங்க" என்பார்கள், பயிற்சிக்காகக் குதிரையை ஓட்டிக் காட்டச் சொல்வது அது. அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் காலை ட்ராக்கில் விழுந்தாலும் அதே தரைதான். கொஞ்ச நாள் போனை நீங்கள் எடுங்கள். டாக்டர் தடை போட்டிருக்கிறார் என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள்.

சாப்பாடு

ஜாக்கி வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சேடிலோடு சேர்த்து எடை பார்ப்பார்கள் என்பதால் ஓட்டத்துக்கு முந்தின நாள் இவருக்கு ஒரு முட்டை வெள்ளைக்கருவும் அரை டம்ளர் கறுப்புக் காபியும்தான். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் பிளாஸ்டிக் கோட் போட்டுக்கொண்டு ஓடுவார். இருபது வருடம் இப்படி இருந்த உடம்பு அது. வருடக்கணக்கில் எடைக்காகப் பட்டினி கிடந்த ஜாக்கிகளுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைக்க, சிறுநீரை அதிகம் போக வைக்கும் தண்ணீர் மாத்திரை எடுத்த பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

ஓய்வு வந்ததும் எல்லாவற்றையும் சாப்பிடு என்று தட்டை நிரப்பாதீர்கள். பசியும் எடையும் சட்டென்று ஏறிவிடும், ராடு வைத்த முதுகுக்கு அது கூடாது. நான் கொடுத்தது காலையில் ராகிக் கஞ்சி, முழு முட்டை இரண்டு. மதியம் அளவான சோறு, பக்கத்துப் படுகர் வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்த அவரைக் குழம்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து மத்தி மீன் வரும் நாளில் அது. ஜூனிலிருந்து மாதக்கணக்கில் எங்கள் ஊரில் வெயிலைப் பார்ப்பதே அரிது. அந்தக் காலத்தில் வைட்டமின் டி மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் தவறாமல் போக வேண்டும்.

எடை மெஷினைப் பூட்டி வைத்தேன். மாதம் ஒரு தடவை எடுத்தால் போதும்.

காலை நாலு மணி

அதுதான் கஷ்டமான நேரம். ட்ராக்குக்குப் போய்ப் பழகிய உடம்பு நாலு மணிக்கு எழுந்துவிடும், செய்ய வேலை இருக்காது. முன்பெல்லாம் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டி சீசனில் சென்னையிலிருந்து குதிரைகள் லாரியில் மலையேறி வரும், விடியற்காலையில் பஸ் ஸ்டாண்ட் வரை குளம்புச் சத்தம் கேட்கும். 2024ல் அரசு ரேஸ் கோர்ஸ் நிலத்தை எடுத்துக்கொண்டது. லீஸ், பாக்கி, வழக்கு எல்லாம் பெரியவர்கள் பேசட்டும். லாயத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அது வயிற்றில் விழுந்த அடி.

தூங்குங்கள் என்று சொல்லி அந்த நேரத்தை அடக்க முடியாது. ஒரு வேலை கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை நாங்கள் நாலரைக்கு வைத்தோம். பிறகு நடை, முதலில் வீட்டு வாசல், அப்புறம் ஃபிங்கர் போஸ்ட் வரை. ஏற்ற இறக்கத்தில் நடப்பதை பிசியோ அனுமதித்த பிறகே தொடங்குங்கள். பேச்சே குறைந்துபோய், சாப்பாட்டையும் தள்ளி, இருந்து என்ன பிரயோஜனம் என்ற மாதிரி பேச ஆரம்பித்தால் தயங்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 104-க்குப் போன் செய்தாலும் பேச ஆள் உண்டு.

பிழைப்பு

பெரிய ஜாக்கிகள் ட்ரெய்னர் ஆகிறார்கள். பெசி ஷ்ராஃப் ஜாக்கியாகவும் சாம்பியன், ட்ரெய்னராகவும் சாம்பியன். அதற்கு உரிமம் வேண்டும், ஓனர்கள் வேண்டும், தீவனத்துக்கும் ஆட்களுக்கும் மாதா மாதம் பணம் வேண்டும். கிளெய்ம் பணத்தை அப்படியே அதில் போடாதீர்கள். முதலில் யாரிடமாவது அசிஸ்டன்ட்டாக இருந்து பார்க்கட்டும்.

மலையில் வேறு வழிகளும் உண்டு. குதிரையேற்றம் சொல்லிக் கொடுக்கும் உறைவிடப் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. தரையில் நின்று நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றவிட்டுப் பிள்ளைகளின் கையையும் காலையும் திருத்துவது முதுகுக்குக் கெடுதல் இல்லை. என் வீட்டுக்காரர் அதைத்தான் செய்கிறார். சனிக்கிழமைகளில் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருக்கும் பையன்களுக்கு லாடம், சேடில் புண், கடிவாளம் இழுத்த வாய்க் காயம் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிறார். பணம் அதிகமில்லை, ஆனால் அந்தக் குதிரைகளுக்கு அது ரொம்பத் தேவை. சேர்வதற்கு முன் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தக் காரணத்துக்காகவும் அவரை ஏற்றக் கூடாது.

சாமான்கள்

சேடில், பூட்ஸ், சாட்டை எல்லாம் நல்ல விலைக்குப் போகும், அல்லது அப்ரென்டிஸ் பையன்களுக்குக் கொடுக்கலாம். ஹெல்மெட்டையும் உடல் கவசத்தையும் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். விழுந்த ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தாடைப் பட்டையைக் கத்திரியால் வெட்டிவிட்டு வையுங்கள், பிறகு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.