எந்தத் தரவுக்கு எந்த வரைபு கீறுறது

கனபேர் எக்செல்ல தரவைப் போட்டுட்டு கண்ணில முதல் படுற வரைபை அமத்தி விடுறவை, வடிவா இருந்தாச் சரி எண்டு. அதுக்கு முதல் கையில இருக்கிறது என்ன மாதிரித் தரவு எண்டு பாருங்கோ. பிள்ளையள் பள்ளிக்கூடம் வாற விதம் மாதிரி சைக்கிள், பஸ், நடை எண்டு பேர் பேராப் பிரிஞ்சு நிக்குதோ, உயரம், சோதினைப் புள்ளி மாதிரி தொடர்ந்து ஓடுற அளவோ, இல்லாட்டி வருசத்தோட மாறுறதோ?

பேர் பேரா எண்டால் சலாகை வரைபு, தூண் தூணா நிக்கிறது. அகலம் எல்லாத்துக்கும் ஒண்டு, நடுவில இடைவெளி, நிலைக்குத்து அச்சு கட்டாயம் 0 இல தொடங்கோணும். ஏன் எண்டால், சுன்னாகச் சந்தையில வெங்காயம் 280 ரூபாயில இருந்து 300 ஆச்சுது எண்டு வையுங்கோ, அச்சை 270 இல தொடங்கினா ரெண்டாவது சலாகை மூண்டு மடங்கு உயரமாத் தெரியும், உண்மையில கூடினது 7 வீதம்தான். பேப்பரில வாற படங்களில நான் முதல் பாக்கிறதே இதைத்தான்.

வட்ட வரைபு முழுசில எவ்வளவு பங்கு எண்டு காட்ட மட்டும். பள்ளிக்கூடம் வாற 40 பிள்ளையள் எண்டா ஒராளுக்கு 9 பாகை, சைக்கிள் 22 பேர் 198, பஸ் 10 பேர் 90, நடை 5 பேர் 45, மோட்டச்சைக்கிள் 3 பேர் 27, கூட்டினா 360 வரோணும். அஞ்சாறு துண்டுக்கு மேல போனா விட்டுட்டு சலாகைக்கே போங்கோ, கண்ணுக்கு நீளத்தை ஒப்பிடுறது லேசு, கோணத்தை ஒப்பிடுறது கஷ்டம்.

ஓஎல் சோதினை எடுக்கிற பெடியள் மாட்டுப்படுறது வலையுரு வரையத்தில (இங்கிலீசில ஹிஸ்டோகிராம்). பாக்க சலாகை மாதிரித்தான், ஆனா இதில இடைவெளி இல்லை, பேசுறது உயரமில்லை பரப்பளவு. வகுப்பாயிடை, அதாவது புள்ளியளைப் பிரிக்கிற ஒவ்வொரு துண்டின்ர அகலம், எல்லாம் 10 ஆ இருக்கேக்க பிரச்சினையில்லை, ஒண்டு மட்டும் 40 - 60 எண்டு இரட்டிப்பா வந்து அதில 16 பேர் இருந்தா உயரத்தை 8 ஆத்தான் கீறோணும், 16 எண்டு கீறினா அந்த இடத்தில ரெண்டு மடங்கு பிள்ளையள் இருக்கிற மாதிரி ஆயிடும். மேல் விளிம்புகளின்ர நடுப்புள்ளியளைத் தொடுத்தா மீடிறன் பல்கோணி (மீடிறன் எண்டால் ஒவ்வொரு வகுப்பிலயும் எத்தினை பேர் எண்ட எண்ணிக்கை). இடையம், அதாவது வரிசையில நடுவில நிக்கிற பெறுமானம், வேணுமெண்டா திரள் மீடிறன் வளையி, எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிக் கீறுறது, புள்ளியை வகுப்பின்ர மேல் எல்லையில குறியுங்கோ, நடுவில இல்லை. 40 பேருக்கு 20 இல கிடையாப் போய் வளையியைத் தொட்டுக் கீழ இறங்கினா இடையம்.

காலத்தோட மாறுறதுக்குக் கோட்டு வரைபு. இதில ரெண்டு புள்ளிக்கு நடுவில கோடு இழுத்தா அந்த நடுவில என்ன நடந்தது எண்டும் சொல்லுறியள் எண்டு அர்த்தம், அங்கதான் கவனம். இப்பத்தைய யாழ் மாவட்ட எல்லைக்குள்ள 1981 இல ஏறக்குறைய 7 லட்சத்து 38 ஆயிரம் பேர், 2012 இல 5 லட்சத்து 83 ஆயிரம். ரெண்டையும் கோட்டால இணைச்சா சனம் வருசா வருசம் ஒரே அளவாக் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா 1991 இல கணக்கெடுப்பே நடக்கேல்லை, 2001 இல இங்க முழுசா எடுக்கவும் ஏலேல்லை, அதுக்குள்ள சண்டையால 1995 இல நடந்த இடப்பெயர்வு வேற. இது ஒண்டுமே அந்தக் கோட்டில தெரியாது. இப்பிடியான இடத்தில ரெண்டு சலாகையா வையுங்கோ, கோடுதான் வேணுமெண்டு நிண்டா நடுவைப் புள்ளிக்கோடாப் போட்டு, தரவு இல்லை எண்டு பக்கத்தில எழுதி விடுங்கோ.