சிக்னேச்சர் கிற்றார் வாங்குமுன்: பிக்கப்புகளை ஒப்பிடும் முறை

திருகோணமலையில் சிக்னேச்சர் கிற்றார், அதாவது ஒரு கலைஞரின் பெயரில் வரும் கிற்றார், தேடுபவருக்கு அது பெரும்பாலும் கொழும்புக் கடையிலிருந்து வரும், அல்லது வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவார், அல்லது இன்னொருவர் வாசித்துவிட்டு விற்பார். இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அதனால் காசு கொடுக்குமுன் எதை வாசித்தறிவது, கைக்கு வந்ததும் எதை அளப்பது, எப்படிக் கேட்பது என்ற ஒழுங்கில் சொல்கிறோம்.

வேண்டியவை: டிஜிற்றல் மல்ரிமீற்றர், மில்லிமீற்றர் அளவுகோல், நட்சத்திர முனைத் திருப்புளி, நல்ல கேபிள் ஒன்று, அம்ப் ஒன்று.

படி 1: கலைஞரின் பெயரை விட்டு, பிக்கப்பின் பெயரைத் தேடுங்கள்

ஒரே கலைஞரின் பெயரில் பல விலைகளில் கிற்றார்கள் வருகின்றன. உடலின் வடிவமும் நிறமும் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள் (கொயில்), வேறாக இருக்கும். ஸ்டீவ் வாயின் இபனெஸ் ஜெம் வரிசையில் விலை கூடிய 7வி வகையில் டிமார்சியோ நிறுவனத்தின் எவலூஷன் பிக்கப் இருக்கிறது. ஜெம் ஜூனியரில் இருப்பது இபனெஸின் குவாண்டம். கர்க் ஹம்மெற்றின் எல்.ரி.டி. கே.எச். 602 இல் பற்றரியில் இயங்கும் ஈ.எம்.ஜி. அக்டிவ் பிக்கப், கே.எச். 202 இல் பற்றரி வேண்டாத சாதாரண பிக்கப். விளம்பரப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

ஆண்டையும் கேளுங்கள். எரிக் கிளப்ரன் ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை) 1988 இல் வந்தபோது லேஸ் சென்சர் பிக்கப்புடன் வந்தது. 2001 முதல் வின்ரேஜ் நொய்ஸ்லெஸ். பழையதை வாங்குகிறவர் தொடர் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்த்த பிறகே விலை பேசுவது நல்லது.

படி 2: எத்தனை பிக்கப், எந்த வகை, எந்தச் சுவிற்ச்

ஜோன் மேயரின் பி.ஆர்.எஸ். சில்வர் ஸ்கையில் மூன்று சிங்கிள் கொயில் (ஒரே சுருள் கொண்ட பிக்கப்). ரொம் டிலோஞ் ஸ்ட்ராட்டில் ஒரே ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), ஒரே ஒரு வோல்யூம் குமிழ். பிரையன் மேயின் ரெட் ஸ்பெஷலில் மூன்று சிங்கிள் கொயில்கள் தொடராக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஓன்-ஓஃப் சுவிற்சும் ஒலி அலையைத் தலைகீழாக்கும் தனி ஃபேஸ் சுவிற்சும் உண்டு. ஜெம்மில் ஹம்பக்கர், சிங்கிள், ஹம்பக்கர். ஐந்து நிலைச் சுவிற்சின் 2 ஆம், 4 ஆம் நிலைகளில் ஹம்பக்கரின் பாதி நடு பிக்கப்புடன் சேர்ந்து ஒலிக்கும்.

ஞாயிறு காலை தேவாலயப் பாடகர் குழுவிலும் இரவில் உப்புவெளி ஹோட்டல் பாண்டிலும் வாசிக்க நினைக்கும் தொடக்கநிலையாளருக்கு ஜெம் போன்ற அமைப்பே எங்கள் தெரிவு. ஒற்றை ஹம்பக்கர் கிற்றார் அந்தக் கலைஞரின் பாட்டுக்கு அருமையாக இருக்கும். வேறு இசைக்குப் போனால் கைகட்டிவிட்டதுபோல் இருக்கும்.

இரைச்சலையும் இங்கேயே கவனியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்; அதன் ரீங்காரம் சிங்கிள் கொயிலில் நேரே ஏறும். 1955 இல் சேத் லவர் கிப்சனுக்காக உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு கொயில்கள் எதிரெதிராக இருப்பதால், வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். நடு பிக்கப் எதிர்ச் சுற்றில் உள்ள ஸ்ட்ராட் வகைகளில் 2 ஆம், 4 ஆம் நிலைகளும் அப்படியே அமைதியாக இருக்கும்.

படி 3: எண்களைச் சரியாகப் படியுங்கள்

பிக்கப்பின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து "இது கூடச் சத்தம்" என்று முடிவெடுப்பதுதான் பலர் செய்யும் பிழை. மெல்லிய செம்புக் கம்பியில் சுற்றினால், சுற்றுகள் கூடாமலே ஓம் கூடும். ஒரே வகைக் கம்பி, ஒரே வகைக் காந்தம் என்றால் மட்டும் இந்த எண் ஒப்பிட உதவும்.

காந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிலோஞ் ஸ்ட்ராட்டில் உள்ள இன்வேடர் பிக்கப் செராமிக் காந்தமும் ஏறத்தாழ 17 கிலோ ஓமும் கொண்டது. கிற்றார் கலைஞர் ஸ்லாஷ் பெயரில் வரும் அல்னிக்கோ 2 காந்தப் பிக்கப் அதில் பாதியளவுதான். முன்னது அம்ப்பை உடனே கரகரக்க வைக்கும். பின்னது மெதுவாக மீட்டினால் மெதுவாகவும் பலமாக மீட்டினால் பலமாகவும் பேசும். கை இன்னும் பழகாதவருக்கு இரண்டாவது வகை அதிகம் கற்றுத்தரும்.

தயாரிப்பாளர் ஹென்றி அளவை (கொயிலின் தூண்டல்திறன்) கொடுத்திருந்தால் அதையே முதலில் நம்புங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் 2 முதல் 3 ஹென்றி, பழைய பாணி ஹம்பக்கர் 4 ஐ அண்டி, பலத்த வகை 7 அல்லது 8. எண் ஏற ஏற உச்ச ஒலி மங்கும், நடு ஒலி தடிக்கும்.

படி 4: கழற்றாமலே அளவுங்கள்

கேபிளைக் கிற்றாரில் செருகி, மறுமுனையை அம்ப்பில் செருகாமல் கையில் வையுங்கள். வோல்யூம், ரோன் குமிழ்கள் இரண்டையும் முழுதாகத் திறந்து, மீற்றரை 20 கிலோ ஓமில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் மற்றதை அதன் தண்டிலும் தொடுங்கள். சுவிற்சின் ஒவ்வொரு நிலையையும் எழுதுங்கள்.

வோல்யூம் குமிழின் தடையும் கூடவே அளக்கப்படுவதால் எண் சற்றுக் குறையும்: 500 கிலோ ஓம் குமிழுடன் 8.0 என்பது 7.87 என்று காட்டும். இரண்டு சிங்கிள் கொயில்கள் இணையாகச் சேரும் நிலையில் எண் பாதியாகும்; அது பழுதல்ல. வெப்பமும் எண்ணை மாற்றும். செம்பின் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், 20 பாகையில் 8.0 ஆக இருப்பது கச்சான் வீசும் 32 பாகைப் பகலில் 8.4 ஐ நெருங்கும். விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம்.

மீற்றர் எல்லை கடந்ததாகக் காட்டினால், அளவை 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். 250 அல்லது 500 கிலோ ஓம் அளவில் நின்றால் கொயில் அறுந்திருக்கிறது, அல்லது வயர் விட்டிருக்கிறது. பூச்சியம் என்றால் எங்கோ ஷோர்ட். ஈ.எம்.ஜி. போன்ற அக்டிவ் வகையை இப்படி அளந்து பயனில்லை. உள்ளே முன்பெருக்கி இருக்கிறது. அங்கே 9 வோல்ற் பற்றரியைத்தான் பார்க்க வேண்டும். கேபிள் செருகியிருக்கும்வரை அது செலவாகும், வாசித்து முடிந்ததும் கழற்றுங்கள்.

படி 5: உயரத்தைச் சமப்படுத்துங்கள்

இதைச் செய்யாமல் கேட்டால் ஒப்பீடே பிழை. கம்பியைக் கடைசி ஃபிரெற்றில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் முனைக்கும் இடைவெளியை அளவுங்கள். சிங்கிள் கொயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2.0 மில்லிமீற்றர், ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6. அங்கிருந்து தொடங்கிக் காதுக்கேற்ப மாற்றலாம். சிங்கிள் கொயிலை மிகக் கிட்ட வைத்தால் காந்தம் கம்பியை இழுக்கும். மேல் ஃபிரெற்றுகளில் சுருதி தள்ளாடும், எவ்வளவு ரியூன் செய்தாலும் நிற்காது.

படி 6: கேளுங்கள்

அதே அம்ப், அதே கேபிள், அதே பிக், அம்ப் குமிழ்கள் எல்லாம் நடுவில். முதலில் சுத்தமான ஒலி. சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகக் கேட்கும். ஆகவே பலத்த பிக்கப்புக்கு அம்ப் சத்தத்தைக் குறைத்து, இரண்டையும் சமமாக்கிய பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். அடுத்து வோல்யூமை 6 க்கு இறக்குங்கள்: தெளிவு நிற்கிறதா, போர்வை போர்த்ததுபோல் அடங்குகிறதா? கடைசியாக டிஸ்ரோர்ஷன் (கரகரப்பு ஒலி).

ரீங்காரம் கேட்டால் கிற்றாரைக் குறை சொல்லுமுன் ஃபேன் ரெகுலேற்றரையும் மங்கவைக்கும் மின்விளக்குகளையும் நிறுத்திப் பாருங்கள், நின்ற இடத்தில் திரும்பிப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. கம்பியிலோ மைக்கிலோ சுரீரென்றால் உடனே நிறுத்துங்கள். அது பிக்கப் கோளாறல்ல, எர்த் இல்லாத பிளக்காக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து. மின்வேலை தெரிந்தவர் பார்க்காமல் மீண்டும் செருகக் கூடாது.

படி 7: மாற்றுவதென்றால்

மலிவு வகையை வாங்கிப் பிறகு நல்ல பிக்கப் போடுவது நியாயமான வழி. ஆனால் வயர் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சேமூர் டங்கனில் கறுப்பு ஒலி வயர், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்வன. டிமார்சியோவில் சிவப்பு ஒலி வயர், கறுப்பும் வெள்ளையும் சேர்வன. இரண்டிலும் பச்சையும் வெறுங்கம்பியும் தரைக்கு (எர்த் இணைப்புக்கு). ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைச் சோல்டர் செய்தால் ஒலியே வராது, அல்லது மெலிந்து வரும். அக்டிவ் வகைக்கு 25 கிலோ ஓம் குமிழ்களும் பற்றரிக்கு இடமும் வேண்டும். ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) உள்ள கிற்றாருக்கு அகன்ற கம்பி இடைவெளிக்குரிய ஹம்பக்கரைக் கேட்டு வாங்குங்கள்.

உப்புக்காற்றில் பிக்கப்பின் இரும்பு முனைகள் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். துருவை எடுக்க இரும்பு நாரைக் கொண்டுபோகாதீர்கள். காந்தத்தில் ஒட்டிய துகளை எடுக்கவே முடியாது.