குழந்தைக்கு ட்ரை பண்றப்போ நடுவுல ஸ்பாட்டிங் பட்டா என்ன பண்றது
பேன்டீஸ்ல ரெண்டு சொட்டு பிரவுன் கலர்ல பட்டதும் பதறாதீங்க, முதல்ல தேதி, கலர், எவ்ளோ பட்டுச்சுன்னு போன்ல குறிச்சு வைங்க. அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடின்னா முட்டை வெளியாகுற நேரமா இருக்கலாம், அதுக்கப்புறம் 6லேர்ந்து 12 நாளைக்குள்ளன்னா கரு ஒட்டுறதாவும் இருக்கலாம், ஆனா அன்னிக்கே பிரெக்னென்சி டெஸ்ட் கிட் வாங்கி ரெண்டாவது கோட்ட தேடாதீங்க (எல்லாரும் அதத்தான் பண்றோம்!), நாள் தள்ளிப்போனப்புறம் காலைல முதல் யூரின்ல பாருங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய நீங்களா நிறுத்த வேணாம். மாசாமாசம் பட்டாலோ, உறவுக்கு அப்புறம் பட்டாலோ போய் காட்டுங்க, தைராய்டு, பாலிப் (கர்ப்பப்பைலயோ அதோட வாய்லயோ வளர்ற சின்ன சதை), இன்ஃபெக்ஷன்னு ஏதாவது இருக்கலாம். டெஸ்ட் பாசிட்டிவ்வோ இல்லையோ, ஒரு பக்கமா அடிவயிறு பயங்கரமா வலிச்சு, தலைசுத்தல், தோள்பட்டை வலியும் இருந்தா கரு கர்ப்பப்பைக்கு வராம கருக்குழாய்லயே தங்கியிருக்கலாம், வீட்ல கஷாயம் கொதிக்கிற வரைக்கும் உக்காந்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.