மினி பைக் எஞ்சின் அலறியதும் அடங்கியதும்

காரைக்குடி பழைய இரும்புக்கடையில் வாங்கிய, புல் வெட்டும் மெஷினின் 52 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்து மினி பைக் கட்டினேன். சேசிஸ், வெல்டிங் எல்லாம் சுலபமாக முடிந்தது. எஞ்சின்தான் படுத்தியது. சூடேறிவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டாலும் அலறிக்கொண்டே இருக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. அது குறைந்தால் பிஸ்டன் ஜாம்தான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தேன். உறிஞ்சிக்கொண்டது, சத்தமும் மாறியது. காற்று கசிந்து உள்ளே போவது அங்கேதான்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலிருந்த பிளாஸ்டிக் கட்டை வளைந்திருந்தது. ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் எமரி பேப்பரை விரித்து, சமமாகும் வரை தேய்த்தேன். (கண்ணாடி மேல் வார்க்கிற கல், மட்டம் பார்க்க அருமையானது.) அப்புறம் இணைப்பில் காற்று புகாமல் அடைக்கிற கேஸ்கெட்டை, ஷீட்டில் புதிதாக வெட்டிப் பொருத்தினேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில். இப்போது பிளக் முனை காப்பிப்பொடி நிறம். பதிவு இல்லாத வண்டி, அதனால் ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வற்றிய ஊரணிக்குள் மட்டும் ஓட்டுகிறேன்.