லினக்ஸ் கெர்னலின் கணக்கை நம் நிரலிலிருந்து படிக்கும் வழி

ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், எவ்வளவு சிபியூ நேரத்தைச் செலவிட்டிருக்கிறது என்ற கணக்கை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்தான் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. சாதாரண நிரல் அந்த நினைவகத்தை நேரடியாகத் தொட முயன்றால் செயலியே தடுத்துவிடும். பழைய யூனிக்ஸ்களில், ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போன்ற கருவிகள் சிறப்பு உரிமையுடன், கெர்னலின் நினைவகத்தைக் காட்டும் /டெவ்/கேமெம் கோப்பைத் திறந்து, கெர்னலின் மாறிகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று தேடிப் படித்தன. கெர்னல் மாறினால் கருவியும் பிசகிவிடும். லினக்ஸில் அந்தக் கோப்பு 2021இல் வெளியான 5.13 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அதற்காக வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் இந்தத் தேவைக்கு, கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் /ப்ராக் அடைவே போதுமானது.

இந்த அடைவிலுள்ள கோப்புகள் வட்டில் எங்கும் இல்லை. நாம் படிக்கும்போதுதான் கெர்னல் அவற்றின் உள்ளடக்கத்தை எழுத்துகளாக உருவாக்கித் தருகிறது. ஆகவே இவற்றின் அளவைக் கேட்டால் பெரும்பாலும் பூஜ்யம் என்றே விடை வரும். அந்த அளவை நம்பி இடம் ஒதுக்கும் நிரல் எதையும் படிக்காமல் திரும்பிவிடும். 4096 பைட் இடம் ஒதுக்கி, ரீட் அழைப்பு பூஜ்யம் தரும்வரை படிப்பதே சரியான முறை.

1234 என்ற எண்ணுடைய ப்ராசஸை எடுத்துக்கொள்வோம். /ப்ராக்/1234/ஸ்டாட் கோப்பில் ஒரே வரியில் பல புலங்கள் இருக்கும். 14ஆவது புலம் பயனர் நிலையில் ஓடிய நேரம், 15ஆவது கெர்னல் நிலையில் ஓடிய நேரம். இடைவெளியைக் கொண்டு வரியைப் பிரித்தால் போதும் என்று தோன்றும்; பலரின் நிரல் தடுக்கி விழுவதும் இங்கேதான். இரண்டாவது புலமான ப்ராசஸின் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது. அந்தப் பெயருக்குள் இடைவெளியும் வரலாம், மூடும் அடைப்புக்குறியும் வரலாம். தன் பெயரை ப்ராசஸே மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், வேண்டுமென்றே பெயரை அப்படி அமைத்து நம் கணக்கைக் குழப்பவும் இயலும். எனவே வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி, கடைசி மூடும் அடைப்புக்குறியைக் கண்டு, அதற்குப் பின் வருபவற்றை மட்டும் பிரிக்க வேண்டும். அங்கிருந்து எண்ணினால் நமக்கு வேண்டியவை 12ஆவதும் 13ஆவதும் ஆகும்.

இந்த எண்கள் நொடிகளில் இல்லை, டிக் என்னும் சிறு கால அலகில் உள்ளன. நொடிக்கு 100 டிக் என்பதே வழக்கம் என்றாலும், அதை நிரலில் எழுதிவைக்காமல் கணினியின் அமைப்பு மதிப்புகளைத் தரும் சிஸ்கான்ஃப் அழைப்பில் கேட்டுப் பெறுவது நல்லது. இரு புலங்களையும் கூட்டி வைத்து, சற்று நேரம் கழித்து மீண்டும் படித்து, வேறுபாட்டை ஒரு நொடிக்கான டிக் எண்ணிக்கையாலும் இடையில் கழிந்த நேரத்தாலும் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். கழிந்த நேரத்தை அளக்க, யாராவது திருத்தினால் பின்னோக்கிப் போய்விடக்கூடிய சுவர்க் கடிகாரத்தை அல்லாமல், எப்போதும் முன்னோக்கியே செல்லும் மோனோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். பல இழைகள் கொண்ட ப்ராசஸ் ஒரே நேரத்தில் பல சிபியூக்களில் ஓடலாம் என்பதால், அதற்கு விடை நூறைத் தாண்டினால் அது பிழையன்று.

இரு வாசிப்புகளுக்கு நடுவே அந்த ப்ராசஸ் முடிந்து, அதே எண் வேறொன்றுக்குப் போயிருக்கலாம். தொடக்க நேரத்தைக் காட்டும் 22ஆவது புலத்தை இரு முறையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். இன்னும் உறுதியாக வேண்டுமானால் முதலில் திறந்த கோப்பை மூடாமல் வைத்து, தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி படியுங்கள். பழைய ப்ராசஸ் இல்லாவிட்டால் பிழைதான் வரும், வேறொருவரின் கணக்கு வராது.

உரிமையைப் பொறுத்தவரை, ஹைட்பிட் என்ற அமைப்புடன் /ப்ராக் இணைக்கப்பட்டிருந்தால் பிறருடைய ப்ராசஸ்கள் நமக்குத் தெரியாது.

ஆயிரக்கணக்கான இணைப்புகள் கொண்ட வலையமைப்புப் பட்டியலுக்கு மட்டும் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னல் எண்ணை எழுத்தாக்கி, நாம் அதை மறுபடி எண்ணாக்குவது அங்கே வீண் செலவு. இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கருவி செய்வதுபோல, கெர்னலுடன் பேச உதவும் நெட்லிங்க் சாக்கெட் வழியாக, வேண்டிய நிலையிலுள்ள இணைப்புகளை மட்டும் கேட்டு வாங்கலாம்.